டைக்குள் மாட்டிய கூடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் பட்டறையைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு, எதிர்க் கடையிலிருந்து சாயா வருவதற்குள் போன் அடித்தது. டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகன். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. அந்த நேரத்தில் கூப்பிட்டால் வீட்டில் யாருக்கோ சரியில்லை என்றுதான் முதலில் மனசு போகும். வீடியோவில் அவன் முகம் தெரியவில்லை. கராஜில் ஒரு மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய கைப் பிரஸ், பிரஸ் தலையில் ஒரு டை, அதாவது எஃகு அச்சு.

"அண்ணே, கூடு டைக்குள்ள மாட்டிக்கிட்டு, வெளிய வர மாட்டேங்கு. இழுத்த இழுப்புல அடி விளிம்பு பிஞ்சு வந்துட்டு."

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கித் தோட்டாவில் குண்டு மட்டும்தான் பறந்து போகும். மருந்தை வைத்திருந்த பித்தளைக் கூடு பின்னால் வெளியே விழும். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்கள், இலக்குப் பார்த்துச் சுடுகிறவர்கள் பலர் அந்தக் கூட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, டையில் விட்டுப் பழைய அளவுக்கு அமுக்கி, புதுப் பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி), மருந்து, குண்டு வைத்துத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது சாதாரண பொழுதுபோக்கு. தம்பி குடியுரிமை வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன, பண்ணைகளை நாசம் செய்யும் காட்டுப் பன்றிகளைச் சுட நண்பர்களோடு போவான், டெக்சாஸில் அந்தப் பன்றிக்கு வேட்டைக் காலம் என்று தனியாக எதுவும் கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம். நம் நாட்டில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இங்கே வீட்டில் உட்கார்ந்து யாரும் இதைச் செய்யக்கூடாது. நான் எழுதுவது அவன் மேசையில் நடந்ததைப் பற்றி, அதோடு பித்தளையும் எஃகும் ஒன்றோடொன்று உரசும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றி. அந்த இரண்டாவது விஷயத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

எங்கள் பட்டறையில் பித்தளைத் தகட்டை வெட்டி, டையில் வைத்து, பஞ்ச் என்கிற எஃகுத் தண்டால் அமுக்கித் தொப்பி, கிண்ணம், குழாய் முனை மாதிரி சின்னச் சாமான்கள் எடுப்போம். அப்பா ஆரம்பித்த தொழில். தோட்டாக் கூடு பிறப்பதும் இதே மாதிரிதான். ஒரு வட்டத் தகடு கிண்ணமாகி, கிண்ணம் நீண்டு குழாயாகி, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் சூடு காட்டி மெதுவாக்கி, கடைசியில் கழுத்து ஒடுக்கி முடிப்பார்கள். நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். உலகம் முழுக்க அந்த எழுபது முப்பது கலவைக்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர். நானும் அதே கலவைத் தகடுதான் வாங்குகிறேன். அதனால் தம்பி கேட்டது எனக்கு அந்நியமான சங்கதியாகத் தெரியவில்லை.

அவன் வைத்திருப்பது .308 வின்செஸ்டர் தோட்டா போடும் துப்பாக்கி. சுடும்போது சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு (பிஎஸ்ஐ) வரை அழுத்தம் போகலாம் என்று அந்தத் தோட்டாவுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் கூடு ஊதி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது, பிறகு கொஞ்சம் சுருங்குகிறது. முழுசாகப் பழைய அளவுக்கு வராது. அந்த மிச்ச வீக்கத்தைக் குறைக்கத்தான் டை. இதில் ஒன்றை கவனிக்க வேண்டும். உள்ளே தள்ளும்போது பிரஸ் கூட்டின் அடி முழுவதையும் தாங்கித் தள்ளுகிறது. வெளியே இழுக்கும்போது கூட்டின் விளிம்பை மட்டும்தான் ஷெல் ஹோல்டர் பிடித்திருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் திறந்த பிடி. அந்த விளிம்பின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே போக எவ்வளவு பலம் கொடுத்தாலும் தாங்கும், வெளியே வர அவ்வளவு பலம் கேட்டால் விளிம்பு கிழிந்துவிடும். மாட்டுவது போகும் வழியில், தெரிய வருவது திரும்பும் வழியில்.

"உள்ள போகும்போது எப்படி இருந்துச்சு மக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. பாதியில ஒரு கிரீச். நான் சரி, போயிரும்னு அமுக்கிட்டேன்."

அந்தக் கிரீச் சத்தம்தான் எல்லாம். பித்தளை எஃகைத் தொட்டுவிட்டது என்று அது சொல்கிறது. நடுவில் ஒரு மெல்லிய படலம் இருக்கும்வரை பித்தளை வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது, கைப்பிடியில் ஒரே சீரான கனம் இருக்கும். படலம் ஓரிடத்தில் கிழிந்தால் அங்கே பித்தளைத் துணுக்கு டைச் சுவரில் அப்பிக்கொள்ளும், அப்பிய துணுக்கின்மேல் அடுத்த பித்தளை உரசி இன்னும் அப்பும். பித்தளையோடு பித்தளை உரசினால் இன்னும் எளிதாக ஒட்டும். அதற்கப்புறம் பலம் கொடுக்கக் கொடுக்கப் பூட்டு இறுகும்.

2009-இல் எங்கள் பட்டறையிலேயே நடந்தது இது. ஒரு ராத்திரி ஷிப்டில் சோப்புக் கரைசல் தீர்ந்துவிட்டது, கடை திறந்திருக்காது, ஆர்டர் மறுநாள் காலையில் போக வேண்டும். எண்ணெய் எண்ணெய்தானே என்று மெல்லிய மெஷின் ஆயிலைத் தொட்டு ஓட்டச் சொன்னது நான்தான். முதல் முப்பது தொப்பி நன்றாக வந்தது. அப்புறம் பக்கவாட்டில் நீளக் கோடு விழ ஆரம்பித்தது, அதையும் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை. நாற்பதாவது தொப்பி பஞ்ச் தண்டைக் கவ்விக்கொண்டு டையோடு நின்றுவிட்டது. டையைக் கழற்றிப் பாலிஷ் போட்டு எடுக்க முழுசாக இரண்டு நாள். மெல்லிய எண்ணெய் ஓடுகிற தாங்கிக்கு நல்லது, அமுக்குகிற இடத்தில் அது பிதுங்கி ஓடிவிடும். அமுக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் மெழுகு, சோப்பு, கொழுப்பு இந்த மாதிரி கெட்டிச் சாமான் வேண்டும். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் பட்டறைக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். கம்பியை அச்சுத் துளையில் விட்டு இழுப்பதற்கு முன்னால் தேன்மெழுகுக் கட்டியில் கம்பியை ஒரு தடவை இழுத்துக்கொள்வார்கள். மார்த்தாண்டத்துத் தேன்கூட்டு மெழுகு, மஞ்சளாக, மணமாக, பல வருஷம் கம்பி இழுத்து நடுவில் வாய்க்கால் விழுந்த கட்டி. மெழுகு தடவிய கம்பி சத்தமில்லாமல் வரும். ஒருமுறை தடவ மறந்துவிட்டார்கள், துளையில் கம்பி நின்று முறிந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டியைத்தான் அன்று தம்பியிடம் சொன்னேன்.

சரி, முதலில் மாட்டியதை எடுக்க வேண்டும்.

அவன் ஏற்கெனவே டையை ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்திருக்கிறான். இணையத்தில் அப்படி ஒரு யோசனை உண்டு. குளிரில் பித்தளை எஃகைவிட அதிகம் சுருங்கும், அது உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூட்டுக்கு 40 டிகிரி குறைந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்குதான் வரும். லேசாகப் பிடித்திருந்தால் அது போதும், அப்பிக்கொண்ட கூட்டுக்குப் போதாது. அடுத்து கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டட்டுமா என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். டை கடினப்படுத்திய எஃகு, நெருப்புக் காட்டினால் அந்தக் கடினம் போய்விடும், அப்புறம் அது டையே இல்லை. டையின் நடுத் தண்டின் முனையில் பிரைமரைத் தள்ளும் பின் ஒன்று உண்டு, அதைச் சுத்தியால் மேலிருந்து தட்டலாமா என்றும் கேட்டான். பின் வளையும், தண்டில் உள்ள, கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் குமிழ் அங்கேயே மாட்டும், கூடு நகராது.

பாதுகாப்பாக எடுக்க ஒரே வழிதான், கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் நான் கேட்ட கேள்வி, பிரைமர் வெளியே போய்விட்டதா என்று. கடைசி வரை அமுக்கியதால் பின் அதைத் தள்ளி வெளியே விழுத்தியிருந்தது, அதுவும் சுட்ட பிரைமர். டார்ச் அடித்துக் காட்டச் சொல்லி என் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வார்த்தை பேசினேன். உயிருள்ள பிரைமர் உள்ள கூட்டில் டிரில் வைக்கக்கூடாது, அது விரலையோ கண்ணையோ எடுத்துவிடும். பிறகு டையைப் பிரஸிலிருந்து கழற்றி வைஸில் பிடித்து, மேலே லாக் நட்டைத் தளர்த்தி, நடுத் தண்டை எவ்வளவு மேலே வருமோ அவ்வளவு மேலே ஏற்றச் சொன்னேன். அதை ஏற்றாமல் டிரில் போட்டால் பிட் நேராகக் கடினமான பின்மேல் போய் முறியும். அடியில் பிரைமர் இருந்த பள்ளத்தின் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, அதுவே டிரிலுக்கு வழிகாட்டி. நம் ஊரில் என்றால் 5 மில்லிமீட்டர் பிட் போட்டு மரை வெட்டும் எம்6 டேப் போடுவேன், அவனிடம் இருந்தது கால் அங்குலத்துக்கு இருபது மரை டேப், அதற்கு அங்கே 7-ஆம் எண் பிட். கூட்டின் அடிச் சுவரைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும், உள்ளே குமிழ் நிற்கிறது.

மரை போட்ட பிறகு, கூட்டின் அடியைவிட அகலமான ஒரு சாக்கெட்டை டையின் வாயில் கவிழ்த்து வைத்து, மேலே தடித்த வாஷர், அதற்குள் போல்ட். போல்ட்டை ஸ்பானரால் இறுக்க இறுக்கக் கூடு சாக்கெட்டுக்குள் மேலேறி வர வேண்டும். கால் சுற்று, நிறுத்து, கால் சுற்று, நிறுத்து. மூன்றாவது சுற்றில் 'டொக்' என்று ஒரு சத்தம் எனக்கே போனில் கேட்டது. "வந்துட்டு அண்ணே!" என்று கத்தினான், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து அழுதது. இதற்கென்று கிட் கடைகளில் விற்கிறார்கள், அவன் வைத்திருக்கவில்லை. இந்த வேலை செய்கிற யாரும் முதல் நாளே அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ராத்திரி பத்தரைக்கு டேப் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளியே வந்த கூட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னேன். அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், ஒரு பக்கம் மட்டும், நெல் அளவுக்கு ஒரு வழித்த தழும்பு, அதிலிருந்து கழுத்துக்குக் கீழே சரிவாக ஒடுங்கும் தோள் வரைக்கும் நேரான கோடுகள். கூடு மாட்டுகிற இடம் பெரும்பாலும் அதுதான். மேலே சுவர் மெல்லியது, கழுத்து இன்னும் மெல்லியது, அவை எளிதாக அமுங்கும். அடிக்கு மேலே சுவர் தடித்துப் போகும் இடம், டை கடைசியாகத் தொடும் இடம், அங்கேதான் பித்தளை முரண்டு பிடிக்கிறது. லூப், அதாவது மசகு, தடவுகிறவர்கள் கழுத்திலும் தோளிலும் தாராளமாகத் தடவிவிட்டு இந்த இடத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு விடுகிறார்கள், தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏன் மாட்டியது என்று விசாரித்தால் ஒரு காரணம் வரவில்லை, நாலு வந்தது. அவன் வழக்கமாகத் தன் துப்பாக்கியில் சுட்ட கூடுகளைத்தான் டையில் விடுவான். இந்தத் தடவை ஒருத்தரிடம் ஒரு வாளி நிறைய ராணுவக் கூடு வாங்கியிருந்தான், 7.62 நேட்டோ. வெளி அளவு ஏறக்குறைய அதேதான், சுவர் கனம் அதிகம். அதுவும் இயந்திரத் துப்பாக்கியில் சுட்டவையாக இருந்தால் அந்த அறை தளர்வானது, கூடு வழக்கத்தைவிட அதிகம் ஊதியிருக்கும். இரண்டாவது, எஃகு ஊசிகள் போட்டுத் தண்ணீரில் உருட்டிப் பளபளவென்று கழுவியிருந்தான். பார்க்கத் தங்கம் மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தமான பித்தளை வறண்ட பித்தளை, கையில் பிடித்தாலே கிறீச்சிடும், கழுத்துக்குள் இருந்த கரியும் போய்விட்டதால் குமிழும் உள்ளே உரசும். மூன்றாவது, ஸ்ப்ரே லூப் அடித்து உடனே டையில் விட்டிருக்கிறான். அந்த வகையில் மசகைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் ஆவியாகிப் போன பிறகுதான் படலம் நிற்கும், ஈரத்தோடு விட்டால் படலம் கரைசலோடு வழிந்துவிடும். நாலாவது, ஒரு வரிசையில் நிற்க வைத்து ஒரு பக்கமிருந்து மட்டும் ஸ்ப்ரே அடித்திருக்கிறான். தழும்பு ஒரு பக்கம் மட்டும் இருந்ததற்கு இதுதான் காரணம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பேசினோம், அவனுக்கு விடியற்காலை. டையை முதலில் பார்த்தோம். போன் டார்ச்சை வாய்க்குள் அடித்தால் உள்சுவரில் மஞ்சள் கீற்று ஒன்று ஒட்டியிருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த கூட்டை விட்டால் அடுத்ததும் மாட்டும், மாட்டாவிட்டால் எல்லாக் கூட்டிலும் கோடு விழும். ஒரு மரக்குச்சியின் முனையைப் பிளந்து துணியைச் சுற்றி, மெட்டல் பாலிஷ் தொட்டு, டிரிலில் மெதுவாகச் சுற்றவிட்டு அந்த இடத்தைத் துடைக்கச் சொன்னேன். எமரித் தாள் போடக்கூடாது, டையின் அளவு போய்விடும். மஞ்சள் போய்ச் சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்தி, சுத்தமாகக் கழுவி, டையின் பக்கவாட்டில் உள்ள சின்னக் காற்று ஓட்டையைக் கம்பியால் குத்திப் பார்க்கச் சொன்னேன். அடைந்திருந்தது. அது அடைந்தால் உள்ளே மாட்டும் காற்றும் மிச்ச லூப்பும் போக வழியில்லாமல் தோளில் பள்ளம் விழும். புது டை வாங்கினால் அதில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும், அதை லூப் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, துடைத்துவிட்டு முதல் சில கூடுகளுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தடவ வேண்டும்.

லூப்புக்கு வருகிறேன். நான் மெழுகு வகையைத்தான் சொன்னேன். டப்பாவில் வரும் சைஸிங் மெழுகை ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் லேசாகத் தொட்டு, கூட்டை அடிப்பக்கம் பிடித்து உருட்டினால் போதும். விரலுக்கு ஒவ்வொரு கூடும் தெரியும், எங்கே பட்டது எங்கே படவில்லை என்று. ஆயிரம் கூடு இருந்தால் இது மெதுவான வேலை, அப்போது ஆட்டு ரோமத்துக் கொழுப்பு, அதுதான் லனோலின், அதை ஒன்றுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு பங்கு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு பையில் கூடுகளைப் போட்டு அடித்துக் குலுக்கி, தட்டில் பரப்பி, ஆல்கஹால் முழுசாக ஆவியாகும் வரை காத்திருந்து டையில் விடலாம். எல்லாப் பக்கமும் படும், கழுத்துக்குள்ளும் கொஞ்சம் போகும். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தொட்டால் குளிர்ச்சி இருந்தால் இன்னும் காயவில்லை, லேசாகப் பிசுபிசுத்தால் காய்ந்துவிட்டது. நம் பக்கத்தில் ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் பட்டறையில் எதுவும் சீக்கிரம் காயாது, ஹூஸ்டன் பக்கமும் அதே மாதிரி புழுக்கம்தான் என்கிறான், அதனால் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்பச் சொன்னேன்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று சித்தி பக்கத்திலிருந்து கேட்டார்கள். வீட்டில் எதற்கும் அதுதானே. கதவுக் கீலுக்குச் சரி, இதற்கு நிற்காது.

அதிகமாகத் தடவுவதும் தப்பு. தோளில் தேங்கிய லூப் அமுங்காது, பித்தளைதான் அமுங்கும், அதனால் சொட்டை விழும். தோளில் கொஞ்சம், உடம்பில் மெல்லிய படலம், அடிக்கு மேலே அந்த ஒரு விரற்கடையில் விட்டுப்போகாமல், கழுத்துக்குள் ஒரு பிரஷால் மூன்று நாலு கூட்டுக்கு ஒரு தடவை. கழுத்து வழியாகக் குமிழ் திரும்பி வரும்போது கத்தினால் அதுவும் வறண்டிருக்கிறது என்று அர்த்தம், கழுத்தை இழுத்து நீட்டிவிடும். வேலை முடிந்ததும் எல்லா லூப்பையும் துடைத்துக் கழுவிவிட வேண்டும், மருந்தில் எண்ணெய் படக்கூடாது.

சுத்தம் செய்வதிலும் ஒரு எச்சரிக்கை. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைக் கூட்டில் தொடவே கூடாது. இதற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மழைக்காலத்தில் இங்கே குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. அதற்குப் பருவ விரிசல் என்று பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும் பித்தளைக்குள் இழுத்து ஒடுக்கியதால் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் வந்தது. எங்கள் தொப்பிகளில்கூட இதைப் பார்த்திருக்கிறேன், கழிவறைப் பக்கத்து அறையில் அடுக்கிவைத்த ஒரு பெட்டி மட்டும் மூன்று மாதத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது.   

தம்பி வைத்திருந்த டையின் உயரத்தையும் மாற்றினோம். ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, மேலே கால் சுற்று கூட இறுக்கி வைத்திருந்தான். நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள். தேவைக்கு மேல் அமுக்கினால் பலமும் அதிகம், கூடும் சீக்கிரம் கெடும். தன் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் தோளை அளந்து, அதிலிருந்து அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்கும் அவன் துப்பாக்கிக்குப் போதும். தானாக இயங்கும் துப்பாக்கி என்றால் இன்னும் ஒன்றிரண்டு பங்கு கூடக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் தோளை அதிகம் தள்ளினால் சுடும்போது கூடு நீண்டு, அடிக்கு மேலே சுவர் மெலிந்து, ஒரு நாள் அங்கேயே இரண்டாக உடையும். வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலோ, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடும்போது பள்ளம் தட்டினாலோ அந்தக் கூட்டைத் தூக்கிப் போட வேண்டும். ராணுவக் கூடுகளுக்கு முதல் தடவை அவன் துப்பாக்கி அறைக்குள் நுழையும் அளவுக்கு அமுக்கித்தான் ஆக வேண்டும், அதற்கு லூப் கூடுதல், வேகம் பாதி.

பல தடவை சுட்ட கூடு இறுகிப்போயிருக்கும், அமுக்கினாலும் எகிறித் திரும்பும். கழுத்துக்கும் தோளுக்கும் சூடு காட்டி மெதுவாக்கலாம், அடியை மட்டும் சூடாக விடக்கூடாது. அடி கடினமாக இருந்தால்தான் அந்த அழுத்தத்தைத் தாங்கும்.

இதெல்லாம் சொன்ன பிறகும் நான் திரும்பத் திரும்பச் சொன்னது கையைப் பற்றித்தான். முதல் கூட்டைப் பாதி மட்டும் விடு, வெளியே எடு, பார். கோடு இல்லையா, முழுசாக விடு. இரண்டாவது கூட்டிலிருந்து கைப்பிடியின் கனத்தை மனசில் வை. ஒரு கூடு அதைவிடக் கனமாக இருந்தால், கிரீச் என்றால், ஏன் என்று யோசிக்கக்கூட வேண்டாம், அங்கேயே நிறுத்தி வந்த வழியில் வெளியே எடு, துடை, தடவு, திரும்ப விடு. பாதி வழியில் திரும்பும் கூடு பெரும்பாலும் வெளியே வரும், விளிம்பு அந்த அளவு இழுப்பைத் தாங்கும். முழு வழி போய் மாட்டியதுதான் வராது. இதற்கு ஒரு கூட்டுக்கு அரை நிமிஷம் செலவு. பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்யாதே என்றும் சொன்னேன், அவன் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் செய்திருக்கிறான், கத்தியது பாதி கேட்டிருக்காது. பட்டறையில் எத்தனை மெஷின் ஓடினாலும் என் பிரஸ் மாறிச் சத்தம் போட்டால் எனக்குக் கேட்டுவிடும், அதைப் பழக வருஷம் ஆகிறது, அவனுக்கும் பழகும்.

அன்றைக்கே ஐம்பது கூடு விட்டான். போனை மேசையில் நிறுத்திவைத்துக் காட்டச் சொல்லியிருந்தேன். முதல் பத்துக்கு வாயைத் திறக்கவில்லை இரண்டு பேரும். கைப்பிடி இறங்குகிறது, பிரைமர் கீழே டப்பாவில் 'டிங்' என்று விழுகிறது, கைப்பிடி ஏறுகிறது, அவ்வளவுதான் சத்தம். பதினேழாவது கூட்டில் நிறுத்தினான். நான் எதுவும் சொல்லவில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், அடிக்கு மேலே ஒரு பக்கம் மெழுகு படாமல் காய்ந்திருந்தது. விரலால் தடவி மறுபடியும் விட்டான், போய்விட்டு வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது அந்த மரை போட்ட கூட்டை எனக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான், பட்டறை அலமாரியில் வைக்க. வேண்டாம் என்றேன். காலிக் கூடாக இருந்தாலும் பையில் இருந்தால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள், போலீஸ் வரை போனாலும் ஆச்சரியமில்லை, பண்டிகை நேரத்தில் சித்தி அழுவார்கள். போட்டோ அனுப்பச் சொன்னேன். தழும்பு நன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறான். பிரிண்ட் போட்டுப் பெரிய பிரஸ் பக்கத்துச் சுவரில், சோப்புக் கரைசல் டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.